மீசை பெண்பாலா?

'பிரெஞ்சு எடுத்தா மார்க் கொட்டும்' என்று நாலு பேர் சொன்னதை நம்பி, என் மகளைப் பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுக்க வைத்தோம். காலாண்டுப் பரீட்சைப் பேப்பரில் எங்கு பார்த்தாலும் சிவப்பு மை. "வார்த்தையெல்லாம் சரிதாம்மா... 'லெ' போடற இடத்துல 'லா' போட்டுட்டேனாம்" என்று ஒரே அழுகை.

இத்தனூண்டு எழுத்துக்கா இவ்வளவு மார்க் போகும் என்று எனக்கும் ஆத்திரம்தான். அன்று ராத்திரி அவளுடைய புத்தகத்தோடு நானும் உட்கார்ந்தேன்.

நமக்கு மேஜை, புத்தகம் எல்லாமே 'அது'. பிரெஞ்சில் அஃறிணையே கிடையாது. எந்தப் பெயர்ச்சொல்லும் ஒன்று ஆண்பால், இல்லாவிட்டால் பெண்பால். புத்தகம் 'லெ லீவ்ர்', ஆண்பால். மேஜை 'லா தாப்ல்', பெண்பால். ஏன் என்று காரணம் தேடினால் மண்டை காய்ந்துவிடும். ஆம்பிளைகள் முறுக்கும் மீசையும், தாடியும்கூட அங்கே பெண்பால்தான்! 'லா முஸ்தாஷ்', 'லா பார்ப்'. அழுத பெண் சிரித்துவிட்டாள்.

பால் என்பது பொருளில் இல்லை, சொல்லில் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அது தப்பினால் கூட வரும் சொல்லும் தப்பும். பச்சைப் புத்தகத்துக்கு 'வெர்', பச்சை மேஜைக்கு 'வெர்த்'. சிவப்பு மை பெருகியது இப்படித்தான்.

இவள் நோட்டைப் புரட்டினால், 'லெ', 'லா' இல்லாமல் வெறும் வார்த்தைகளாகவே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. டீச்சர் சொன்னது அவ்வளவுதானாம். பூவை நாரோடு சேர்த்துத்தானே கட்டுகிறோம்? சொல்லிக் கொடுக்கும்போதே சேர்த்துச் சொன்னால் என்ன? பள்ளிக்கூடம் போன்ற உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களில் 'லா' சுருங்கி 'லெகோல்' என்றாகி, பால் மறைந்துவிடுகிறது. அதற்கு 'ஒரு' என்பதைச் சேர்த்து 'யூன் எகோல்' என்று படித்தால், பெண்பால் என்று பளிச்சென்று தெரியும்.

இப்போது எங்கள் வீட்டு உப்பு டப்பாவில் 'லெ செல்', மாவு டப்பாவில் 'லா ஃபரீன்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறோம். "உப்பு ஆம்பிளையாடி?" என்று மாமியார்கூடக் கேலி செய்கிறார். செய்யட்டும், அவருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டதே!

மார்க்குக்காகப் பிள்ளைகளைப் பிரெஞ்சில் சேர்க்கும் தாய்மார்களே, மார்க்குக்காக எடுத்தாலும் மொழி மொழிதான். 'எத்தனை மார்க்?' என்று கேட்கும் முன், நோட்டில் 'லெ', 'லா' இருக்கிறதா என்று ஒருதரம் புரட்டிப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, திருச்சி.