கேன்சல் என்றால் அழிப்பதல்ல

ஒரு திட்டம் கேன்சல் ஆனது என்றால் அது இல்லாமலே போனதாகப் பொருள், ஒத்திவைப்பு என்பது அதற்கே இட்ட கௌரவமான பெயர் என்று பலரும் நம்புகிறோம். இதில் முதல் பாதி சொல்லின் பிறப்போடு பொருந்தவில்லை. லத்தீனில் ‘கான்செல்லி’ என்றால் கிராதி, கம்பித் தடுப்பு. எழுதிய ஆவணத்தின் மேல் கிராதிபோலக் குறுக்கும் நெடுக்கும் கோடிழுத்துச் செல்லாததாக்கியதிலிருந்து வினைச்சொல் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நீதிமன்றக் கிராதியருகே நின்ற பணியாளர் பெயரே பின்னாளில் ‘சான்சலர்’ ஆயிற்று. கோட்டுக்கு அடியில் எழுத்து அப்படியே இருக்கும். ஒன்றுமில்லாமல் ஆக்குவதற்கு ஆங்கிலத்தில் ‘அனல்’ (annul) என்ற வேறு சொல் உண்டு. நம் ‘ரத்து’, மலையாளிகளின் ‘றத்து’ இரண்டுக்கும் மூலமான அரபுச் சொல்லுக்கும் திருப்பியனுப்புதல் என்பதே பொருள்.

வேரை வைத்து இன்றைய பொருளைத் தீர்மானிக்கலாமா என்று கேட்கலாம். கூடாதுதான். ஆனால் இன்றைய வழக்கே எனக்குச் சாட்சி சொல்கிறது. கடன் வாங்கும்போது கேன்சல் செய்த காசோலையைக் கேட்கிறார்கள். பணம் எடுக்க அது உதவாது; கணக்கு எண்ணுக்கு அதுவே ஆதாரம்.

ஒத்திவைப்பு பற்றிய இரண்டாம் பாதிக்குக் கொச்சி-முசிரிஸ் பியன்னாலே என்ற கலைக் கண்காட்சி பதில் சொல்லும். 2020 டிசம்பர் 12இல் தொடங்கவேண்டிய ஐந்தாம் பதிப்பு, கொரோனாவால் 2021 நவம்பருக்கும் பிறகு 2022 டிசம்பர் 12க்கும் தள்ளிப்போனது. அன்றும் மட்டாஞ்சேரி ஆனந்த் வேர்ஹவுஸ் உள்ளிட்ட முக்கியக் கூடங்கள் தயாராகவில்லை. கடைசி நேரத்தில் 23ஆம் தேதிக்கு மாற்றினார்கள். ஷுபிகி ராவ் தொகுத்த அந்தக் கண்காட்சி 2023 ஏப்ரல் 10 வரை நடந்தது. பெயர் மாற்றிய கேன்சல் என்றால் அந்த மாதங்களில் மக்கள் பார்த்தது எதை?

பன்னிரண்டாம் தேதியை நம்பி டிக்கெட் எடுத்து வந்தவருக்கு இரண்டும் ஒன்றுதானே என்பது வலுவான ஆட்சேபம். அவருக்கு நஷ்டம் நஷ்டமே. ஆனால் அந்த நஷ்டம் சொல்லால் வந்ததல்ல, தாமதமாகச் சொன்னதால் வந்தது. பங்கேற்ற கலைஞர்கள் பலர் கூட்டாக எழுதிய பகிரங்கக் கடிதமும் நிர்வாகக் குளறுபடிகளையே சாடியது. புதுத் தேதி குறித்ததால் பழைய தேதிக்கான பொறுப்பு தீராது. அமைப்பாளர்களிடம் கேட்கவேண்டிய கணக்கு அதுதான்.