எராஸ்மஸின் பெயரால்

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியபோது எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்தையும் உதறிச் சென்ற பிரிட்டன், 2027 முதல் அதில் மீண்டும் சேர முடிவெடுத்திருப்பதால், ஆங்கிலத்தை அதன் பிறந்த மண்ணிலேயே பயிலும் வழி ஐரோப்பிய மாணவர்களுக்கு மறுபடியும் திறக்கிறது என்று பலரும் மகிழ்கின்றனர். பரிமாற்ற மாணவர் என்பவர் தம் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டிலேயே இருந்துகொண்டு, ஓரிரு பருவங்களை மட்டும் வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்புபவர். அங்கே தேறிய பாடங்கள் இங்கே பட்டக் கணக்கில் சேர்க்கப்படும். அவ்வாறு போகிறவர்களில் பலர், எந்தத் துறையினராயினும், வணிக ஆங்கிலம் என்ற பாடத்தையும் எடுத்துக்கொள்கின்றனர். அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ளவே இப்பத்தியும் எண்ணியிருந்தது. ஆனால் பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு பல்கலைக்கழகம் பரிமாற்ற மாணவர்களுக்கென வெளியிட்டுள்ள வணிக ஆங்கிலப் பாடத்தின் விவரக்குறிப்பு இந்த வாரம் கைக்கு வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

அதில் கண்டது இதுதான்: கடிதம் தொடங்கும்போது எழுத வேண்டிய தொடர்கள், முடிக்கும்போது எழுத வேண்டிய தொடர்கள், மறுக்கும்போது, நினைவூட்டும்போது, மன்னிப்புக் கேட்கும்போது எழுத வேண்டிய தொடர்கள் என்று அடுக்கடுக்கான பட்டியல்கள், இவற்றை மனப்பாடம் செய்து, கோடிட்ட இடங்களை நிரப்பினால் தேர்ச்சி. இப்பத்திக்கும் அலுவலக மின்னஞ்சலுக்கும் உள்ள பழம்பகையை, இதை விடாது வாசிப்போர் நன்கறிவர். பெறுபவர் நலமாயிருப்பார் என நம்புவதாகத் தொடங்கி, ஐயமிருப்பின் தயங்காது தொடர்புகொள்ளச் சொல்லி முடியும் அந்த மின்னஞ்சல்களில், அனுப்புநர் நலமும் விசாரிக்கவில்லை, தொடர்புகொண்டால் பதிலும் தரப்போவதில்லை என்பது முன்பே இங்கு விரிவாக எழுதப்பட்டு, சில வாசகர்களின் கோபத்தையும் தேடித் தந்தது. அந்த வியாதிக்குப் பல்கலைக்கழகம் மருந்து தருமென்று நம்பியிருந்தால், அது வியாதியையே பாடத்திட்டமாக்கி வைத்திருக்கிறது.

வணிக ஆங்கிலம் என்பது தனியொரு மொழியன்று. விலை கேட்டல், பேரம் பேசுதல், தாமதத்துக்கு வருந்துதல், கூட்டக் குறிப்பு எழுதுதல், வேலைக்கு விண்ணப்பித்தல் ஆகிய காரியங்களுக்குப் பொது ஆங்கிலத்தைப் பழக்குவதே அது. இதில் மிகக் கடினமானது தணிப்பு எனப்படும் பகுதி. அதாவது, மறுப்பையும் குறையையும் நேரே வீசாமல், ‘சற்று’, ‘ஒருவேளை’ போன்ற சொற்களாலோ கேள்வி வடிவாலோ கூர்மழுக்கிச் சொல்லும் முறை. யாரிடம் எவ்வளவு தணிப்பது என்பதை எந்தப் பட்டியலும் சொல்லித் தராது, எழுதி எழுதித் திருத்தம் வாங்கித்தான் அறிய முடியும். ஐரோப்பிய மதிப்பலகு முறையில் ஓராண்டுப் படிப்பு 60 மதிப்பலகு என்றும், ஒரு மதிப்பலகுக்கு மாணவர் 25 முதல் 30 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றும் கணக்கு. ஐந்து மதிப்பலகுப் பாடமாயின் குறைந்தது 125 மணி நேரம். அத்தனை நேரத்தைப் பட்டியலுக்குக் கொடுப்பது கொள்ளை.

அன்றியும், இப்பாடம் யாரோடு பேசுவதற்கு என்ற கேள்வியும் உண்டு. ஃபின்லாந்து நிறுவனங்களும் சுவீடன் நிறுவனங்களும் ஒன்றாக இணைந்தபோது அங்கே புழங்கிய ஆங்கிலத்தை, லூஹியாலா-சல்மினென், சார்ல்ஸ், காங்கன்ராண்டா என்னும் ஆய்வாளர் மூவர் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டனர். இரு தரப்புக்கும் தாய்மொழியல்லாத இந்த ஆங்கிலத்தை வணிகப் பொதுமொழி ஆங்கிலம் என்று அவர்கள் வகுத்தனர். தாய்மொழியாளரைப் பார்த்து அளவெடுக்காமல், காரியம் நடந்ததா என்பதைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. ஒரே மொழியில் எழுதியும் பேசியும் வந்தபோதும், ஃபின்லாந்தினர் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுபவர்களாகவும் சுவீடனினர் பேசிப் பேசி முடிவுக்கு வருபவர்களாகவும் அந்நிறுவனங்களின் ஊழியர்களுக்குத் தோன்றியிருக்கின்றனர். மாட்ரிட் மாணவியொருத்தி ஹெல்சின்கியில் ஃபின்லாந்து ஆசிரியரிடம், இத்தாலியரும் கொரியரும் உடனிருக்க வணிக ஆங்கிலம் கற்பதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதும், பிரிட்டனுக்குப் போனால்தான் ஆகும் என்பது வெறும் மயக்கம் என்பதும் இதிலிருந்து விளங்கும்.

இனி, எராஸ்மஸ் திட்டத்துக்குப் பெயர் தந்தவரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். திட்டத்தின் தாய் என்று போற்றப்படும் சோஃபியா கொர்ராதி, நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாம் பயின்றதை ரோம் நகரின் பல்கலைக்கழகம் ஏற்க மறுத்ததால் கொதித்துப் பல்லாண்டுகள் போராடியவர். 1987-இல் 11 நாடுகளின் 3,244 மாணவர்களோடு திட்டம் தொடங்கியதையும் அது ஐரோப்பா எங்கும் பரவியதையும் கண்டு, 2025 அக்டோபரில் காலமானார். அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். எழுதப்படாது விடப்படுபவர் ராட்டர்டாம் நகரத்து டெசிடேரியஸ் எராஸ்மஸ்தான். நாடு விட்டு நாடு போய்ப் பயின்ற அறிஞர் என்ற ஒரு வரியோடு அவரை மூடிவிடுகின்றனர். பாரிஸில் பயின்று, 1506-இல் டூரினில் இறையியல் முனைவர் பட்டம் பெற்று, வெனிஸில் அச்சகத்தோடு அமர்ந்து பணியாற்றி, 1511 முதல் 1514 வரை கேம்பிரிட்ஜில் கற்பித்து, 1536-இல் பாசெலில் மறைந்தவர் என்பதெல்லாம் உண்மையே. ஆனால் இங்கிலாந்துக்குப் பலமுறை சென்று, தாமஸ் மோரின் உயிர் நண்பராகி, அங்கே அவர் நடத்திய வாழ்வு முழுவதும் லத்தீனில் நடந்தது. லத்தீன் அன்று எவர் வீட்டு அடுப்படியிலும் பேசப்படாத மொழி. எனவே ஐரோப்பிய அறிஞர் அனைவரும் அதைப் பள்ளியில் கற்றே வந்தனர்; வணிகப் பொதுமொழி ஆங்கிலம் போல அதுவும் எத்தரப்புக்கும் தாய்மொழியன்று. (கேம்பிரிட்ஜ் பீர் ஒத்துக்கொள்ளாமல், லண்டனிலிருந்த நண்பர் அம்மோனியோவுக்கு நல்ல திராட்சை மது கேட்டு அவர் எழுதிய கடிதங்களில் எந்த வாய்பாடும் இல்லை, தேவை உண்மையாயிருந்தால் நடை தானே வரும்.)

இந்த எராஸ்மஸ், பிற்காலம் பெரிதும் மறந்துவிட்ட பாடநூலாசிரியர். ஜான் காலட் லண்டனில் நிறுவிய செயின்ட் பால் பள்ளிக்கென 1512-இல் அவர் வெளியிட்ட ‘தே கோப்பியா’, சொல்வளத்தைப் பயிற்றும் நூல். கடிதம் கிடைத்து மகிழ்ந்ததைத் தெரிவிக்கும் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, சொல்லை மாற்றியும் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக்கியும் உவமை ஏற்றியும் 100-க்கும் மேற்பட்ட வடிவங்களில் அதில் எழுதிக் காட்டுகிறார். மேலோட்டமாகப் பார்ப்பவர் இதுவும் பட்டியல்தானே என்பார். அப்படியன்று; இன்றைய பாடத்தின் பட்டியல் எடுத்து ஒட்டுவதற்கானது, எராஸ்மஸின் பட்டியலோ ஒரு வாக்கியம் எப்படியெல்லாம் திரும்பும் என்பதைக் கண்டபின் மூடி வைத்துவிட்டுச் சொந்தமாக எழுதுவதற்கானது. வளமாகச் சொல்ல வல்லவனே எதை விடலாம் என்பதும் அறிந்து சுருக்கமாகச் சொல்ல வல்லவன் என்பது அந்நூலின் வாதம். சுருக்கம் சுருக்கம் என்று ஓயாமல் முழங்கும் வணிக ஆங்கில ஆசிரியர்கள் இந்த வாதத்தை ஒருமுறையேனும் எடைபோட்டுப் பார்த்திருக்கிறார்களா என்பது ஐயமே.

அவரும் வாய்பாடு எழுதியவர்தான் என்று எதிர்வாதம் வரலாம், அது உண்மையுங்கூட. இளமையில் பாரிஸில் பிழைப்புக்காக மாணவர்களுக்குத் தனிப்பாடம் சொல்லித் தந்தபோது, வணக்கம் சொல்வது, நலம் கேட்பது, விருந்துக்கு அழைப்பது முதலியவற்றுக்கான லத்தீன் தொடர்களைத் தொகுத்து வைத்திருந்தார். அவருக்குத் தெரியாமலே அதைப் பாசெல் நகரத்து ஃப்ரோபென் அச்சகம் 1518-இல் வெளியிட்டுவிட்டது. சினந்த எராஸ்மஸ் அதைக் கையிலெடுத்துத் திருத்தித் திருத்தி, பதிப்புக்குப் பதிப்பு முழு உரையாடல்களைச் சேர்த்தார்; அழுக்கு விடுதிகளும் போலித் துறவிகளும் புண்ணியத்தல வியாபாரமும் அதற்குள் நுழைந்தன. தொடர்ப் பட்டியலாகத் தொடங்கிய அந்தப் பாடநூல், 1526-இல் பாரிஸ் இறையியல் அறிஞர்களின் கண்டனத்துக்கு ஆளாகும் அளவுக்கு உயிர் பெற்றது. இன்றைய வணிக ஆங்கிலப் பாடநூல் எதையும் யாரும் கண்டிக்க மாட்டார்கள். கண்டிப்பதற்கு அதற்குள் ஏதாவது சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

கடிதக் கலையைப் பற்றியே தனியாக ஒரு நூலும் அவர் எழுதினார். அதன் பழைய வரைவொன்று 1521-இல் அவர் அனுமதியின்றிக் கேம்பிரிட்ஜில் அச்சேற, மறு ஆண்டே தம் முழு நூலை வெளியிட்டார். வாழ்த்து, நல்லெண்ணம் கோரல், செய்தி, வேண்டுகோள், முடிவு எனக் கடிதத்தை ஐந்து உறுப்புகளாக வகுத்த இடைக்கால இலக்கணம் அதுவரை செல்வாக்கோடு இருந்தது. இன்றைய மின்னஞ்சல் பாடமும் ஏறக்குறைய அதே ஐந்தைத்தான் புதுமை போலக் கற்பிக்கிறது. எராஸ்மஸ் அந்த இறுக்கத்தை ஏற்கவில்லை. பொருளும் பெறுபவரும் காலமும் மாறும்போது கடிதமும் மாற வேண்டும் என்றும், எல்லாக் கடிதத்துக்கும் ஒரே அச்சு தேடுவது பேதைமை என்றும் வாதிட்டார். அவர் பெயரிலேயே உதவித்தொகை பெற்றுச் செல்லும் மாணவர்களுக்கு அந்த அச்சையே கையில் கொடுத்தனுப்புவது அவருக்குச் செய்யும் அவமரியாதை.

இத்திட்டத்தின் உதவித்தொகை பெற்று ஐரோப்பா செல்லும் இந்திய மாணவர்களும் உண்டாகையால், வாசகர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது பயன்படக்கூடும். வணிக ஆங்கிலப் பாடத்தில் பதிவு செய்யுமுன், பருவத்தில் எத்தனை கடிதம் எழுத வேண்டும், ஆசிரியர் அவற்றைத் திருத்தித் திருப்பித் தருவாரா, திருத்தியதை மறுபடி எழுதச் சொல்வாரா என்று கேட்டறியச் சொல்லுங்கள். விடை இல்லையென்று வந்தால், அந்த ஐந்து மதிப்பலகை நிதிக்கணக்கியல் பாடத்தில் பெறுவது நல்லது.