பிரிமியம் வாங்க நீளும் கை, நஷ்டஈடு கொடுக்கச் சுருங்குவதேன்?

"கடைக்காரருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் நமக்கென்ன, இல்லாவிட்டால் நமக்கென்ன?" என்று ஆலைத் தொழிலாளி கேட்கலாம். விவசாயத் தொழிலாளியும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் நம் வீட்டு அடுப்பிலேயே இருக்கிறது. ஆலை பூட்டிக் கிடக்கும்போது நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டு அரிசி பருப்பு கொடுப்பவர் யார்? பாங்கிக்காரரா? மில் முதலாளியா? தெருமுனை மளிகைக் கடைக்காரர்! எடையில் ஏய்ப்பவரும் அவர்களில் உண்டு. அந்தச் சண்டையை நாம் தனியாகப் போட்டுக்கொள்வோம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆலையிலிருந்து வெளியேற்றப்பட்ட தோழன் கிராஜுவிட்டிப் பணத்தில் டீக்கடை வைக்கிறான். இரண்டு தறி போடுகிறான். கடனுக்கு லோடு ஆட்டோ வாங்குகிறான். சர்க்கார் ஏட்டில் அவனும் 'தொழிலதிபர்' ஆகிவிடுகிறான்! ஒரு வெள்ளம், ஒரு தீ, ஒரு திருட்டு போதும். மறுநாள் அந்தத் தொழிலதிபர் நம்மோடு கூலிக்கு நிற்கிறார்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாறு பெருக்கெடுத்தபோது, ஈக்காட்டுத்தாங்கலில் லேத்துப் பட்டறைகள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அம்பத்தூர்ப் பட்டறைகளுக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தது. அந்த ஈரம் காய்வதற்குள் தூத்துக்குடி மாவட்டத்தில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர்! ஒவ்வொரு முறையும் பெரிய மனிதர்கள் ஒரே உபதேசத்தைச் செய்கிறார்கள்: "இன்ஷூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும்."

எடுத்தவன் கதையைக் கேளுங்கள்.

ஒரு கடையில் 4 லட்ச ரூபாய்ச் சரக்கு இருக்கிறது. பிரிமியம் கட்ட முடியாமல் 2 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுக்கிறார் கடைக்காரர். தீயில் 1 லட்ச ரூபாய்ச் சரக்கு நாசமாகிறது. 2 லட்சத்துக்குப் பாலிசி இருப்பதால் 1 லட்சமும் வரும் என்று நினைக்கிறார். வராது! பாதி மதிப்புக்குத்தான் காப்பு செய்தாய், ஆகவே நஷ்டத்திலும் பாதிதான் என்று 50,000 ரூபாயோடு கணக்கை முடித்துவிடுவார்கள். இதற்குச் 'சராசரி விதி' என்று பெயர். சிறு கடைகளுக்கென்று 2021 ஏப்ரலில் வந்த பாலிசியில் 15 சதவீதம் வரை குறைவாகக் காட்டியிருந்தால் பொறுத்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பாதிக்குப் பாதி காட்டிய ஏழைக்கு அது எந்த மூலைக்கு?

திருட்டுக்குத் தனிப் பாலிசி. அங்கேயும் ஒரு பொறி. பூட்டை உடைத்தோ, பலாத்காரமாகவோ திருடன் நுழைந்திருந்தால்தான் நஷ்டஈடு. சத்தமில்லாமல் வந்து எடுத்துப்போனால் அது 'கன்னம் வைத்தல்' ஆகாதாம். சுப்ரீம் கோர்ட்டு 2004ல் இப்படித்தான் ஒரு வியாபாரியின் வழக்கில் தீர்ப்பளித்தது. பாலிசியின் வாசகம் அதுதான், வாசகத்தை மாற்ற எங்களுக்கு அதிகாரமில்லை என்றது கோர்ட்டு. அப்படியானால் வாசகத்தை எழுதியது யார்? கம்பெனி! கையெழுத்து மட்டும்தான் கடைக்காரருடையது.

பாங்கிக் கடன் வாங்கியிருந்தால் பாலிசியில் பாங்கியின் பெயரும் ஏறிவிடும். நஷ்டஈடு முதலில் பாங்கிக்கே போகும். ஆக, பிரிமியம் கட்டுகிறவன் கடைக்காரன், காப்பு பாங்கிக்கு. அந்தப் பிரிமியத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு! தீ பாலிசியைப் படித்துப் பாருங்கள்: மின்னல், புயல், வெள்ளம் என்ற ஆபத்துகளின் வரிசையிலே 'வேலைநிறுத்தம்' என்றும் ஒரு சொல் இருக்கும். பூகம்பத்துக்குப் பக்கத்தில் நமக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள்!

இனி, வயல் வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி. நாற்று நடவும் களையெடுக்கவும் லோடு ஆட்டோவிலும் டிராக்டர் டிரெய்லரிலும் அடைத்துக்கொண்டு போகிறார்கள். பஸ் வராத ஊரில் வேறென்ன செய்வார்கள்? வண்டி கவிழ்கிறது. 'இது சரக்கு வண்டி, ஆள் ஏற்ற அனுமதியில்லை' என்று கம்பெனி கையை விரிக்கிறது. சரக்கு வண்டியில் ஏறிய பயணிகளுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2002லேயே சொல்லிவிட்டது. 1994ல் வந்த திருத்தப்படி, ஏற்றிச் செல்லும் சரக்கின் சொந்தக்காரருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ மட்டும் காப்பு உண்டு. அதாவது நாற்றுக் கட்டின் சொந்தக்காரர் அந்த வண்டியில் வந்தால் காப்பு உண்டு. அந்த நாற்றை நடப்போகும் பெண்ணுக்கு இல்லை! சில வழக்குகளில் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று கோர்ட்டு உத்தரவிடுகிறது. மற்ற வழக்குகளில் என்ன ஆகும்? கடனில் வாங்கிய வண்டியைத் தவிர வேறொன்றும் இல்லாதவரிடமிருந்து செத்தவளின் பிள்ளைகள் எதை வசூலிப்பார்கள்?

பட்டறையில் கைவிரல் போன பையனுக்கும் இதே கதி. சட்டம் நஷ்டஈடு உண்டு என்கிறது. ஆனால் ஈ.எஸ்.ஐ.க்குள் வராத சின்னப் பட்டறையின் உரிமையாளர், தொழிலாளிக்கென்று பாலிசி எடுத்திருக்காவிட்டால் தீர்ப்பு காகிதத்தோடு நிற்கும். சிறு உரிமையாளரின் இன்ஷூரன்ஸ் நம் பிரச்னையும் ஆவது இங்கேதான்.

இன்ஷூரன்ஸ் என்பது முதலாளிகள் கண்டுபிடித்த அதிசயமல்ல. பலர் பங்கு போட்டு ஒருவன் சுமையைத் தாங்குவதுதான் அது. நம் ஊர் மொய் நோட்டைக் கேட்டால் சொல்லும். அந்தப் பொதுப்பணத்தைத் தனியார் பெட்டியில் பூட்டியதால் என்ன நடந்தது? டால்மியாவின் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாலிசிதாரர் பணம் கையாடப்பட்டதை 1955ல் பெரோஸ் காந்தி பார்லிமெண்டில் அம்பலப்படுத்தினார். 1956ல் 245 ஆயுள் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1973 ஜனவரி முதல் தேதி 107 பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தேசவுடைமையாகி நான்காயின. அவற்றில் ஒன்றின் தலைமையகம் நம் சென்னையில்தான்.

தேசவுடைமையானால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. எல்.ஐ.சி. பணத்தில் முந்திராவின் பங்குகளை வாங்கிய ஊழலில் 1958ல் நிதிமந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது. மேலே சொன்ன 2004 வழக்கை நடத்தியதும் சர்க்கார் கம்பெனிதான். ஆனால் சர்க்கார் கம்பெனியைப் பார்லிமெண்டில் கேள்வி கேட்கலாம். லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கும் பங்குதாரனை யார் கேட்பது?

அவர்களைத்தான் வரவேற்கிறார்கள். 2000ல் அந்நிய மூலதனத்துக்கு 26 சதவீதம், 2015ல் 49, 2021ல் 74. அதே 2021ல், சர்க்கார் கம்பெனிகளில் 51 சதவீதம் சர்க்காரிடமே இருக்கவேண்டும் என்ற விதியையும் நீக்கினார்கள். 2025ல் 100 சதவீதத்துக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். போட்டி வந்தால் ஏழைக்குக் காப்பு கிடைக்கும் என்று கதை அளக்கிறார்கள். கால் நூற்றாண்டாகப் போட்டி நடக்கிறது. டீக்கடைக்காரரைத் தேடி எந்த ஏஜெண்டு வந்தார்? சிறு பாலிசியில் கமிஷனுமில்லை, லாபமுமில்லை!

நாம் கேட்பது இதுதான். சிறு கடைக்கும் பட்டறைக்கும் சர்க்கார் கம்பெனியே பாலிசி தரட்டும்; பிரிமியத்தில் ஒரு பங்கைச் சர்க்கார் ஏற்கட்டும்; ஜி.எஸ்.டி. ஒழியட்டும், சிறு பாலிசிகளில் சராசரி விதி அடியோடு போகட்டும், வேலையாளின் காப்பும் அந்தப் பாலிசியிலேயே சேரட்டும், வயல் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பஸ் விடட்டும், அதுவரை அவர்கள் ஏறும் வண்டியில் அவர்களுக்கும் காப்பு இருக்கட்டும். இதற்கான மனுவில் சங்கக் கிளைகள் கடைவீதியிலும் கையெழுத்து வாங்க வேண்டும்.

அதற்குமுன், பாலிசி வைத்திருந்து கம்பெனியால் விரட்டப்பட்ட சிறு வியாபாரி உங்கள் ஊரில் இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒரு மாதம் பார்க்க வேண்டும். பதில் வராவிட்டாலோ, மறுத்துவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம். பாலிசி நகலும், கம்பெனி அனுப்பிய கடிதமும், சேதத்தின் போட்டோவும் கையில் இருக்கட்டும்.