குத்தகைக்காரருக்கும் சொட்டுநீர்

வயலுக்கு மேல் ட்ரோன் பறந்து மருந்து தெளிக்கும் படத்தை நாளிதழில் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தருமபுரிதான் நினைவுக்கு வரும். 2004-05இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில் துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியபோது வானத்தில் எதுவும் பறக்கவில்லை. உளிக்கலப்பையால் ஆழ உழுதார்கள்; குழித்தட்டில் நாற்று வளர்த்தார்கள்; கரையும் உரத்தைச் சொட்டுநீர்க் குழாய் வழியே வேருக்கே அனுப்பினார்கள். முதல் ஆண்டில் முழு மானியம், அடுத்த ஆண்டு 90 சதவீதம், மூன்றாம் ஆண்டு 80 எனப் படிப்படியாகக் குறைத்தார்கள். விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து உரக்காரரிடமும் வியாபாரியிடமும் விலை பேசினார்கள். என்னைக் கேட்டால், குழாயைவிடப் பெரிய தொழில்நுட்பம் அந்தச் சங்கம்தான். இன்று சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர்க் கருவி 100 சதவீத மானியத்தில் கிடைக்கிறது. நல்ல திட்டம், மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்பத்தோடு சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். வாய்மொழிக் குத்தகையில் ஒன்றரை ஏக்கர் தக்காளி போடுகிறவர் எந்தச் சிட்டாவைக் கொண்டுபோவார்? நில உரிமையாளர் எழுதிக் கொடுக்கமாட்டார்; கொடுத்தால் குத்தகைப் பாத்தியதை வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு. ஆக, உழுகிறவர் வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருக்கிறார், நிலத்தடி நீர் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. அடுத்த ட்ரோனுக்குப் பணம் ஒதுக்குமுன், பயிர் செய்கிறவர் பெயரிலேயே மானியம் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும்.