புதுமுகத்தின் விலையும் மதிப்பும்

ஐபிஎல் ஏலம் முடிந்ததும் பேன்டஸி கிரிக்கெட் ஆடுகிறவர்கள் தவறாமல் செய்யும் தப்பு ஒன்று உண்டு. அதிக விலைக்குப் போன புதுமுகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேப்டனாகப் போடுவது!

வருண் சக்கரவர்த்தி கதையைப் பாருங்கள். ஆர்க்கிடெக்டாக இருந்து கிரிக்கெட்டுக்கு வந்தவர். 2018 டிஎன்பிஎல்லில் மதுரைக்காக ஆடினார். பழனி, கொடைக்கானல் ரசிகர்கள் நத்தம் மைதானத்துக்கு பஸ் பிடித்துப் போய்ப் பார்க்கிற அதே தொடர்தான். அடுத்த ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலை, 8.40 கோடிக்குப் போனது. 42 மடங்கு!

2019-ல் பஞ்சாபுக்காக முதல் ஓவர். எதிரில் நரைன். 25 ரன். திட்டாதவர்கள் இல்லை. ஆனால் அடுத்த இரண்டு ஓவரில் 10 ரன்தான், ஒரு விக்கெட்டும் கிடைத்தது. அதை யார் கவனித்தார்கள்? காயத்தால் அந்த சீசனே அதோடு முடிந்தது.

2020-ல் கொல்கத்தா 4 கோடிக்கு எடுத்தது. விலை பாதிக்கும் கீழே. விக்கெட்டோ 17!

எத்தனை அணிகள் போட்டி போட்டன என்பதைத்தான் ஏல விலை சொல்லும். புள்ளி எடுப்பாரா என்று தெரிய, பதினொன்றில் இடம் உண்டா, எந்த ஓவர்கள் கிடைக்கும், உடம்பு தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

பணம் கட்டி ஆடுவதை 2025 சட்டம் தடை செய்துவிட்டது. இனி போவது மானம் மட்டும்தான் :-) அதற்காக ஒரே ஓவரில் ஒரு புதுமுகத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள் மக்களே.