நிரம்பியபடியே வீடு திரும்பும் தண்ணீர் பாட்டில்

சாயங்காலம் மகளின் பையைத் திறந்து டிபன் பாக்ஸைக் கழுவ எடுக்கும்போது அம்மாக்கள் பலர் கவனிக்கும் விஷயம் ஒன்று உண்டு. காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் முக்கால்வாசி அப்படியே திரும்பி வந்திருக்கும். "ஏன்டி குடிக்கல?" என்று கேட்டால் "மறந்துட்டேன்மா" என்று பதில் வரும். பல பெண் பிள்ளைகளுக்கு அது மறதி அல்ல, கணக்கு. தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு வரும். வந்தால் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குத்தான் போக வேண்டும். அதற்குத் தாகத்தோடு இருப்பதே மேல் என்று எட்டு வயதிலேயே முடிவுசெய்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2025 ஜூன் கடைசியில் 'வாட்டர் பெல்' வந்தது. காலை 11 மணி, மதியம் 1 மணி, பிற்பகல் 3 மணி என மூன்று முறை மணி அடிக்கும். பிள்ளைகள் இருந்த இடத்திலேயே தண்ணீர் குடிக்கலாம். கேரளம் 2019-லேயே இதைத் தொடங்கிவிட்டது. நம் ஊர் வெயிலுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் குடித்த தண்ணீர் அப்புறம் எங்கே போகும் என்பதற்கு மணியில் பதில் இல்லை.

தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கியும் பழகும் பிள்ளைக்கு நீர்க்கடுப்பும் சிறுநீர்ப்பாதைத் தொற்றும் வருகின்றன. மலத்தை அடக்கினால் மலச்சிக்கல், வயிற்றுவலி. "கிளாஸ்ல தலை வலிக்குதுன்னு சொல்றா" என்று கண் பரிசோதனைக்கு அழைத்துப்போகும் பெற்றோர், எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாள் என்றும் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு சின்னக் கணக்கு. 300 மாணவிகள், ஆறு கழிப்பறைகள், 10 நிமிட இன்டர்வெல் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 12 விநாடி. அந்த ஆறில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தோழி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றில் வாளி உண்டு, மக் கிடையாது. மூன்றாவது பூட்டியிருக்கிறது, சாவி டீச்சரிடம்.

சட்டத்துக்குக் குறைவில்லை. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறையும் பாதுகாப்பான குடிநீரும் கட்டாயம் என்கிறது 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளிகளிலும் இவற்றைச் செய்துமுடிக்க 2012 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2014 சுதந்திர தின உரையில் பிரதமர் ஓராண்டு கெடு வைத்தார். அடுத்த ஆகஸ்டில், 2.61 லட்சம் பள்ளிகளில் 4.17 லட்சம் கழிப்பறைகள் தயார் என்றது மத்திய அரசு. இவற்றில் பொதுத்துறை நிறுவனங்கள் கட்டியவற்றை 15 மாநிலங்களில் தணிக்கைத் துறையினர் நேரில் போய்ப் பார்த்தார்கள். 2020-ல் நாடாளுமன்றத்துக்கு வந்த அவர்களின் அறிக்கைப்படி, பார்த்த கழிப்பறைகளில் 72 சதவீதத்தில் உள்ளே குழாய்த் தண்ணீர் இல்லை. 55 சதவீதத்தில் கை கழுவ வசதி இல்லை. சுவர் எழுப்பி, சுண்ணாம்பு அடித்து, கல்வெட்டும் வைத்தாயிற்று; குழாய் போடத்தான் ஆள் இல்லை.

இதே பள்ளி வளாகத்தின் இன்னொரு மூலையில் சத்துணவுக் கூடம் இருக்கிறது. அங்கே கதை வேறு. காமராஜர் 1956-ல் தொடங்கிய மதிய உணவை, எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சி அருகே பாப்பாக்குறிச்சியில் சத்துணவாக விரித்தார். அப்புறம் முட்டை வந்தது. 2022-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, 15 கிராம் பருப்பு என்று எடைவரை எழுதிவைத்திருக்கிறார்கள். ஆட்சிகள் மாறியும் அடுப்பு அணையவில்லை. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆள் போட்டதுதான் அதற்குக் காரணம். உலை வைக்காத நாள் யார் பொறுப்பு என்று ஊருக்கே தெரியும்.

கழிப்பறைக்கு அப்படி யார் இருக்கிறார்? பல பள்ளிகளில் பகுதிநேரத் தூய்மைப் பணியாளர் ஒருவர், அதுவும் சொற்பத் தொகுப்பூதியத்தில். காலையில் ஒரு முறை கழுவிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அவர் நின்றுபோனால் தலைமையாசிரியர் தன் கைக்காசில் ஆள் பிடிக்கிறார். அதுவும் முடியாதபோது பிள்ளைகள் கையில் துடைப்பம் வருகிறது. எந்தப் பிள்ளைகள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பட்டியலினக் குழந்தைகளைக் கழிப்பறை கழுவ வைத்த புகாரில் வழக்கு, கைது என்ற செய்தி நம் மாநிலத்திலும் வராமல் இல்லை. ஜப்பானில் பிள்ளைகளே பள்ளியைத் துடைக்கிறார்களே என்று உதாரணம் காட்டுவோர், வேலையைச் சாதி பார்த்துப் பிரிக்கும் ஊர் எது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குடற்புழு நீக்க மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, மாணவிகளுக்கு 'புதுயுகம்' திட்டத்தில் இலவச நாப்கின் என அரசு கொடுக்காமல் இல்லை. ஆனால் கை கழுவ சோப்பு இல்லாத பள்ளியில், மாத்திரை விரட்டிய புழு திரும்பி வந்துவிடும். நாப்கினை மாற்றக் கதவடைத்த இடமும், போடக் கூடையும் இல்லையென்றால் அந்த மூன்று நாளும் பிள்ளை வீட்டில்தான்.

சோற்றுக்குச் செய்ததைக் கழிப்பறைக்கும் செய்ய வேண்டும். பள்ளிக்கு ஒரு முழுநேரப் பணியிடம், சட்டப்படியான ஊதியம், கையுறை. சோப்புக்கும் பினாயிலுக்கும் மாதாமாதம் பணம். சத்துணவுப் பதிவேட்டைப் போல ஒரு தினசரிப் பதிவேடு. புதுக் கட்டடம் அப்புறம் கட்டலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள், நாற்காலியில் உட்காரும் முன் கழிப்பறைப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். பிற்பகல் 3 மணிக்குப் போனால் நல்லது. காலையில் கழுவியது அப்போது எப்படி இருக்கிறது என்று தெரியும்.