கோப்பை தந்தவருக்குக் கல்தா! 39 நாளில் மறுபடியும் கல்தா!

லண்டனில் இருக்கிற டோட்டன்ஹாம் கால்பந்து கிளப் 17 வருஷமாக ஒரு கோப்பையைக்கூடத் தொட்டதில்லை. 2025 மே 21-ந் தேதி ஐரோப்பா லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார் மானேஜர் போஸ்டகாக்லு. 16-வது நாள் அவருக்குச் சீட்டு கிழிந்தது!

இங்கிலாந்து லீக்கில் 17-வது இடம் என்பது காரணம். அது போகட்டும். அடுத்து நடந்ததுதான் கூத்து.

செப்டம்பர் 9-ந் தேதி நாட்டிங்காம் பாரஸ்ட் கிளப் அவரை வேலைக்கு எடுத்தது. அக்டோபர் 18-ந் தேதி செல்சி அணியிடம் 3-0 என்று தோல்வி. ஆட்டம் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 'நீக்கம்' என்று அறிவிப்பு வந்துவிட்டது!

இருந்தது 39 நாள். ஆடியது 8 ஆட்டம். ஒன்றிலும் ஜெயிக்கவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளையை வைத்தால்கூட ஒரு தீபாவளி வரைக்குமாவது பார்ப்பார்கள்!

யார் தப்பு?

அவருக்கு முன்னால் அங்கே இருந்தவர் நூனோ. அணியை 7-வது இடத்துக்கு உயர்த்தினார். 2025 ஜூன் மாதம் 3 வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த சீசனில் லீக் ஆட்டம் மூன்றே மூன்று முடிந்தது. முதலாளியோடு மனஸ்தாபம். ஆள் வெளியே!

முதலாளி மரினாகிஸ், கிரேக்க நாட்டுக் கப்பல் அதிபர். நூனோவுக்கு 3 வருஷம் கொடுத்தது அவர் கிளப். போஸ்டகாக்லுவைத் தேடிப் பிடித்ததும் அதே கிளப். ஆள் சரியில்லை என்றால், பொறுக்கி எடுத்தவரை அல்லவா முதலில் கேட்க வேண்டும்? அவரை யார் கேட்பது, கிளப்பே அவருடையது!

நூனோ, பின்னால் நின்று கோட்டையைக் காத்து, சமயம் பார்த்துப் பாயச் சொல்பவர். போஸ்டகாக்லு, முன்னேறிப் போய் அடி அடி என்று அடிக்கச் சொல்பவர். நேற்று வரை ஒரு மாதிரி ஆடிய பையன்கள் இன்று நேர் தலைகீழாக ஆட வேண்டும். எட்டு ஆட்டத்தில் அது நடக்குமா?

இத்தனைக்கும் பொறுமையின் பலனைக் கண்ட கிளப் இது! 1974-ல் லீட்ஸ் கிளப் பிரையன் கிளஃப் என்பவரை 44 நாளில் விரட்டியது. 1975 ஜனவரியில் அவரைக் கூட்டி வந்தது இதே பாரஸ்ட். அப்போது அணி இரண்டாவது டிவிஷனில் கிடந்தது. இரண்டு வருஷம் பொறுத்தார்கள். 1978-ல் லீக் பட்டம். 1979, 1980 இரண்டு வருஷமும் ஐரோப்பிய கோப்பை! 18 வருஷம் இருந்தார் மனுஷன்.

மான்செஸ்டர் யுனைட்டெட்டில் 1986-ல் சேர்ந்த பெர்குசன் மூன்று வருஷத்துக்கு மேல் ஒரு கோப்பையும் தரவில்லை. 'போய் வா' என்று ரசிகர்களே பேனர் பிடித்தார்கள். நிர்வாகம் அசையவில்லை. 2013-ல் அவர் ஓய்வு பெற்றபோது லீக் பட்டம் மட்டும் 13!

மாற்றினால் பலனே இல்லை என்றும் சொல்ல முடியாது. வாட்போர்டு கிளப் ஒரே சீசனில் 4 மானேஜரைப் பார்த்தும் 2015-ல் மேல் டிவிஷனுக்கு ஏறியது. ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? 2019-20 சீசனில் 3 பேரை நீக்கியது. கடைசி ஆளை அனுப்பும்போது மிச்சம் இருந்தது இரண்டே ஆட்டம். அணி கீழே இறங்கியது!

பிரேசில் தந்திரம்

2021-ல் பிரேசில் கால்பந்து சங்கம் ஒரு சட்டம் போட்டது. ஒரு சீசனில் ஒரு பயிற்சியாளரைத்தான் நீக்கலாம். முதலாளிமார் விடுவார்களா? 'நீக்கவில்லை, இரண்டு தரப்பும் பேசிப் பிரிந்தோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! அடுத்த வருஷமே சட்டம் காலி.

இங்கிலாந்தில் ஆட்டக்காரரை வாங்க, விற்க 2002 முதல் கெடு இருக்கிறது. கோடையில் ஒன்று, ஜனவரியில் ஒன்று. மானேஜருக்கும் அதையே வைக்கலாம். நீக்கினாலும் சரி, பேசிப் பிரிந்தாலும் சரி, அடுத்த கெடு வரை வெளியாளை எடுக்கக் கூடாது. இருக்கிற உதவிப் பயிற்சியாளரை வைத்தே ஓட்ட வேண்டும். அப்போது ஆட்டம் முடிந்த கையோடு எந்த முதலாளி சீட்டைக் கிழிக்கிறார் என்று பார்க்கலாம்!